தேங்காயும் வண்ணக் கயிறும்

ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு அவர்களின் ஒருநபர்க் குழு அறிக்கை 2024 ஆம் ஆண்டு ஜூன் 18 ஆம் நாள் தமிழக முதலமைச்சரிடம் அளிக்கப்பட்டது. பள்ளி, கல்லூரி மாணவரிடையே சாதி, இன உணர்வால் எழும் வன்முறையைத் தவிர்த்து நல்லிணக்கம் வளரச் செய்வது எவ்வாறு என்பதே அக்குழுவின் முன் வைக்கப்பட்ட வினா. அறுநூறு பக்கங்களுக்கு மேல் விரியும் அவ்வறிக்கையைப் பற்றி மேடையிலும் செய்தித்தாளிலும் பேசியவர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் மணிக்கட்டுக் கயிற்றையும் நெற்றித் திலகத்தையும் தாண்டி உள்ளே செல்லவில்லை.

அவ்வறிக்கையை ஓர் எழுத்தாகக் கொண்டு, அதன் அருகில் இன்னோர் எழுத்தையும் வைத்துப் படித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். அந்த மற்றோர் எழுத்து 1992 இல் நம் மதுரையிலேயே, சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையத்தால் வெளியிடப்பட்ட பாமாவின் ‘கருக்கு’. ஒன்றை எழுதியவர் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். மற்றதை எழுதியவர் ஏழாண்டுகள் துறவற மடத்தில் வாழ்ந்து வெளியேறிய பெண். இரண்டுக்குமிடையே முப்பத்திரண்டு ஆண்டு இடைவெளி. ஆயினும், இன்ன சாதி என்று அறியப்பட்ட ஒரு பிள்ளைக்குப் பள்ளியில் என்ன நேர்கிறது, நேர்ந்தபின் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையே இரண்டும் சொல்கின்றன.

அறிக்கைக்குக் காரணமான நிகழ்ச்சியை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்கள் வள்ளியூரில் அவரோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்கள். தொல்லை பொறுக்காமல் அவர் சில நாள்கள் பள்ளிக்குச் செல்லாதிருந்தார். காரணம் கேட்டபோது சொன்னார். அது புகாராகப் பதிவாயிற்று. அதன் பிறகே வெட்டு விழுந்தது. இந்த வரிசையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பள்ளி கேட்டது, பிள்ளையும் சொன்னான். கேட்பதற்கும் சொல்வதற்கும் அப்பால் என்ன செய்வது என்பதற்கு நம் பள்ளிகளில் வழியொன்று வகுக்கப்படவில்லை.

அறிக்கையின் பரிந்துரைகள் நுணுக்கமானவை. வருகைப் பதிவேட்டில் சாதி இடம்பெறக் கூடாது. வகுப்பில் இருக்கை, பெயரின் அகர வரிசைப்படி அமைய வேண்டும். உதவித்தொகை பற்றிய செய்தியை வகுப்பறையில் உரக்க வாசிக்காமல், உரிய மாணவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். ஒரு வட்டாரத்தில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவர் அங்கேயே தலைமையாசிரியராகவோ கல்வி அலுவலராகவோ இருத்தல் ஆகாது. ஐந்நூறு மாணவருக்கு மேற்பட்ட பள்ளியில் நல அலுவலர் ஒருவர் வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அறநெறிப் பாடவேளை வேண்டும். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியன விலக்கப்பட வேண்டும். சாதி வண்ணம் பூசிய மிதிவண்டியும் கூடாது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர் நீங்க வேண்டும். எல்லாச் சமூக மாணவரும் அடங்கிய சமூகநீதி மாணவர் படை ஒன்றும் அமைய வேண்டும்.

சாதி எங்கெங்கு ஒளிந்திருக்கும் என்று வழக்குகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிய கண் இதில் தெரிகிறது. பதிவேடும் பெஞ்சும் சத்துணவுக் கூடமும் மிதிவண்டியுமாகப் பொருள் பொருளாக எண்ணிச் செல்லும் அந்த நடை, பொதுவாக நம் அரசு அறிக்கைகளில் காணக் கிடைக்காதது. திலகத்தைப் பொறுத்தவரை குழு சற்று அவசரப்பட்டுவிட்டது என்பது என் கருத்து. கயிற்றின் நிறம் சாதியைச் சொல்கிறது என்பதைத் தென் மாவட்டத்தார் அனைவரும் அறிவர். நெற்றிக்குறி பல இடங்களில் வெறும் பக்தியே. அதை விலக்கலாமெனில் சாம்பல் புதனன்று நம் பிள்ளைகளின் நெற்றியில் இருப்பதையும், கழுத்தில் கிடக்கும் உத்தரியத்தையும் என்ன செய்வதென்று நாமும் கேட்க நேரும். எதிர்ப்பாளருக்கு இந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது. பதிவேட்டையும் இருக்கையையும் பற்றி அவர்கள் பேசவே தேவைப்படவில்லை. 2019 இலும் இதுவே நடந்தது. கயிறு கட்டிவரும் பள்ளிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்கக் கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு எழுந்ததும் அது தமக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது என்று அமைச்சரே கூறிவிட்டார்.

இனி ‘கருக்கு’. அதில் பள்ளி பற்றிய ஒரு பகுதி உண்டு. ஏழாம் வகுப்புச் சிறுமி, மாலை வேளையில் மற்றப் பிள்ளைகளோடு பள்ளியில் விளையாடுகிறாள். தென்னை மரத்தில் ஏறி ஓடித் தொட்டுவிட்டு இறங்குவது விளையாட்டு. அவள் தொட்டபோது ஒரு காய் விழுகிறது. பிள்ளைகள் பயந்து, காயை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். மறுநாள் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அவள் பெயரைச் சொல்லி அழைத்து, அனைவர் முன்னிலையிலும் சாதியைச் சொல்லித் திருடி என்கிறார். வகுப்புக்குள் வரக்கூடாது என்கிறார். ஓர் ஆசிரியை இரங்கி, பங்குச் சாமியாரிடம் போய்க் கடிதம் வாங்கி வரும்படி யோசனை சொல்கிறார். சிறுமி ஓடுகிறாள். நடந்ததைக் கேட்ட குருவானவர், சேரியிலிருந்து வருகிறவள்தானே, செய்திருப்பாய் என்னும் பொருள்படப் பேசுகிறார். பிறகு கடிதம் தருகிறார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, மேலும் வசவு வாங்கிக்கொண்டு, அழுதபடியே வகுப்புக்குள் நுழைகிறாள்.

இப்பகுதி நூலில் சில பத்திகளே. பாமா இதற்கு விளக்கம் சொல்வதில்லை. நம் கண்ணீரைக் கேட்பதுமில்லை. அவருடைய பேச்சுத் தமிழ், இலக்கியத் தமிழுக்குப் பழகிய அன்றைய வாசகர் பலருக்கு முகச்சுளிப்பைத் தந்தது. ஆனால் அந்தப் பேச்சுத் தமிழ்தான் நிகழ்ச்சியை மெருகேற்றாமல் அப்படியே நம் முன் வைக்கிறது. நூலின் பிற்பகுதியில், மடத்து வாழ்வைச் சொல்லும்போது, அவர் பொதுப்படப் பேசத் தொடங்கிவிடுகிறார். கன்னியர் மடங்கள் வசதியுள்ளோர் பிள்ளைகளுக்கே உழைக்கின்றன என்ற அவர் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் தென்னை மரத்தைக் காட்டியதுபோல் அங்கே ஒரு மரத்தை, ஒரு காலைப் பொழுதை அவர் நமக்குக் காட்டுவது குறைவு. குழந்தைப் பருவப் பக்கங்களே அந்நூலின் வலிமை.

தேங்காய்ப் பகுதியை ஒழுங்கு நடவடிக்கை ஒன்றின் ஆவணமாகப் படித்துப் பாருங்கள். குற்றம் சுமத்தப்படுகிறது, விசாரணை இல்லை. தண்டனை அனைவர் முன்னும் வழங்கப்படுகிறது. மேல்முறையீட்டுக்கு இடமுண்டு, அது குருவானவரிடம். அவர் மன்னிக்கிறார். எதற்கு மன்னிப்பு? செய்யாத திருட்டுக்கு. கடிதம் கிடைத்ததால் சிறுமி மீண்டும் வகுப்பில் சேர்க்கப்படுகிறாள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகிவிட்டதாகவே தோன்றும். ஆனால் காலைக் கூட்டத்தில் எல்லாரும் கேட்கச் சொல்லப்பட்ட சொல்லை, எல்லாரும் கேட்கத் திரும்பப் பெறுவார் எவருமில்லை.

பள்ளி ஒழுங்கு பற்றி இன்று நடக்கும் விவாதத்தின் நடுவில் வைத்துக் காணவேண்டியது இதுவே என்று கருதுகிறேன். குழந்தைகளை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதை 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் 17 ஆம் பிரிவில் தடை செய்துவிட்டது. அதிலிருந்து ஆசிரியர் ஓய்வறைகளில் ஒரே குறைதான் கேட்கிறது: எங்கள் கைகளைக் கட்டிவிட்டார்கள், பிள்ளைகள் பயமற்றுப் போனார்கள் என்பது. மறுதரப்பார் அன்பாலும் ஆற்றுப்படுத்தலாலும் திருத்தலாம் என்கிறார்கள். கடுமையா, கனிவா என்று கட்சி பிரிந்து நிற்கும் இவ்விரு தரப்பாரின் கண்களும் தவறு செய்த மாணவன் மீதே இருக்கின்றன. துன்புற்ற பிள்ளைக்கு என்ன கடன் பட்டிருக்கிறோம் என்பது இரு தரப்பிலும் பின்னுக்குப் போய்விடுகிறது.

அமெரிக்காவிலும் இதே சண்டை வேறு உடையில் நடக்கிறது. கறுப்பின மாணவர் மிகுதியாக இடைநீக்கம் செய்யப்படுவதைக் கண்டு ஒபாமா அரசு 2014 ஜனவரியில் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது. அடுத்து வந்த அரசு 2018 டிசம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. 2025 ஏப்ரலில் அத்தகைய கொள்கைகளுக்கு எதிராகவே அதிபர் ஆணை வெளிவந்தது. பிட்ஸ்பர்க் நகரப் பள்ளிகளில் ஈராண்டுகள் நடந்த ஓர் ஆய்வு 2018 இல் வெளியாயிற்று. ஒப்புரவு முறையைக் கைக்கொண்ட பள்ளிகளில் இடைநீக்கம் குறைந்தது என்றும், பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் கருதினர் என்றும், ஆனால் நடுநிலை வகுப்புகளில் கல்வித் தேர்ச்சி சரிந்தது என்றும் அது சொல்கிறது. இரு கட்சியாரும் தத்தமக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டார்கள்.

நான் ஒப்புரவு முறை என்று குறிப்பது ஆங்கிலேயர் வேறு பெயரிட்டு அழைக்கும் ஒரு நடைமுறையை. தவறு செய்தவர், துன்புற்றவர், இருவரையும் சேர்ந்தோர் ஆகியோரை ஒரே வட்டத்தில் அமர்த்தி, நடந்ததைச் சொல்லவும் கேட்கவும் செய்து, இழப்பை ஈடுசெய்யும் வழியை அவர்களே காணச் செய்வது அது. ஒப்புரவு என்ற சொல்லை நாம் அருட்சாதனத்தின் பெயராக அறிவோம். வள்ளுவர் தம் ஓர் அதிகாரத்துக்கே அதைப் பெயராக வைத்தார், சற்று வேறு பொருளில். நவீன வழக்கில் இம்முறையின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1974 இல் கனடாவில் எல்மைரா என்னும் சிற்றூரில் நடந்தது. குடிபோதையில் ஓரிரவில் இருபதுக்கும் மேற்பட்ட உடைமைகளைச் சேதப்படுத்திய இரு இளைஞரை, மெனனைட் சபையைச் சேர்ந்த நன்னடத்தை அலுவலர் ஒருவர், நீதிபதியின் இசைவோடு, பாதிக்கப்பட்டோர் வீடு ஒவ்வொன்றுக்கும் அழைத்துச் சென்றார். அவர்கள் கதவைத் தட்டி, தாங்களே செய்ததாகச் சொல்லி, இழப்பைக் கேட்டறிந்து, பின்னர்ப் பணத்தையும் செலுத்தினார்கள்.

இதில் நம் மறைக்கல்வியில் இல்லாத புதுமை எதுவுமில்லை. மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் என்று சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். லூக்கா நற்செய்தியின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார். அதன் பிறகே அவ்வீட்டுக்கு மீட்பு வந்ததாக ஆண்டவர் அறிவிக்கிறார். கணக்கு முதலில் வருகிறது. ஆனால் நம் பள்ளிகளில் நடைமுறை வேறு. இரு மாணவர் மோதினால் பெற்றோரை வரவழைத்து, கையெழுத்து வாங்கி, கை குலுக்கச் செய்து அனுப்பிவிடுகிறோம். அதற்குச் சமாதானம் செய்து வைத்தல் என்று பெயர். யார் யாரை என்ன சொன்னார், எந்தச் சொல் எந்தத் தெருவைக் குறித்தது என்பது அந்த அறைக்குள் பேசப்படுவதேயில்லை. பேசினால் பெரிதாகிவிடும் என்று அஞ்சுகிறோம். பாவ அறிக்கையும் பரிகாரமும் நீங்கிய பாவமன்னிப்பு அது. இத்தகைய சமாதானத்தையே ஒப்புரவு முறை என்று எவரேனும் நமக்கு விற்க வந்தால் வாங்கலாகாது. வலுத்த சாதியார் சூழ வாழும் ஒரு சேரிப் பிள்ளையை, அரிவாளேந்தக்கூடிய வீட்டுப் பிள்ளையோடு வட்டத்தில் அமர்த்துவதற்கு முன்னால், அன்று மாலை அப்பிள்ளை எந்த வழியாக வீட்டுக்குப் போகும் என்பதை ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

சந்துரு அறிக்கையின் குறையும் இங்கேயே தென்படுகிறது. அடையாளங்களை நீக்கவும் கண்காணிக்கவும் அது வகுக்கும் வழிகள் செறிவானவை. தீங்கு நேர்ந்தபின் இரு பிள்ளைகளுக்கிடையே நடக்கவேண்டியதைப் பற்றிய பகுதி அந்த அளவுக்குச் செறிவு பெறவில்லை. நல அலுவலர், ஆற்றுப்படுத்துநர், புகார்ப் பெட்டி என்னும் ஏற்பாடுகள் உண்டு. பெட்டியில் விழுந்த தாளுக்குப் பின் என்ன? நாங்குநேரியில் புகார் இல்லாமல் போகவில்லையே.

பெயர் நீக்கப் பரிந்துரைக்கு எதிர்ப்பு மிகுதியாக எழுந்தது நம் பகுதியில்தான். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ முந்நூறு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உள்ளன. அவற்றின் பெயரை மாற்றி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளோடு சேர்த்துக் கல்வித்துறையின் கீழ்க் கொண்டுவரலாம் என்றது அறிக்கை. உசிலம்பட்டிச் சீமையில் எதிர்ப்பு எழுந்தது. கட்சிகளும் குரல் கொடுத்தன. இதைச் சாதிப் பற்று என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது எளிது. ஆனால் அப்பெயரின் வரலாறு வேறு. பிரமலைக் கள்ளரைப் பிறவிக் குற்றவாளிகளென்று சட்டமியற்றி, கைரேகை பதித்து, இரவில் காவல் நிலையத்தில் படுக்கவைத்தது வெள்ளை அரசு. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து, ஒரு பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டார்கள். அதே அரசுதான் அவர்களைச் ‘சீரமைக்க’ப் பள்ளிகளையும் திறந்தது. சீரமைப்பு என்ற சொல்லுக்குள் அரசு செய்த குற்றம் இருக்கிறது. பள்ளி என்ற சொல்லுக்குள் அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பெற்ற கல்வி இருக்கிறது.

ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்ற பெயரோ, படிக்கும் பிள்ளையின் சாதியை வாசற்பலகையில் எழுதி வைப்பது. அது உடனே போகவேண்டும். 2025 ஜூலையில் அரசு தன் மாணவர் விடுதிகளை எல்லாம் சமூகநீதி விடுதிகள் எனப் பெயர் மாற்றியதை இவ்வகையில் வரவேற்கலாம். கள்ளர் பள்ளிகளின் பெயரும் நாளடைவில் போகத்தான் வேண்டும், ஏனெனில் அங்கேயும் சேரிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தப் பலகையின் கீழ் நுழையும்போது அவர்கள் என்ன எண்ணுவார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். ஆனால் பெருங்காமநல்லூரின் கதை அப்பள்ளிகளின் பாடமாகாமல் பெயர்ப்பலகை மட்டும் கழற்றப்பட்டால், அரசு தன் குற்றத்தின் சாட்சியத்தை அழித்துக்கொண்டதாகவே முடியும். குற்றவாளி என்று பிறப்பால் முத்திரையிடப்படுவது எத்தகையது என்று அங்குள்ள கள்ளர் வீட்டு மாணவன் தன் பாட்டனின் கதையிலிருந்து அறிந்தால், தேங்காய் விழுந்த மறுநாள் காலையில் அச்சிறுமிக்கு நேர்ந்தது அவனுக்கு உடனே விளங்கும். ‘கருக்கு’வின் அப்பக்கங்களையும் பெருங்காமநல்லூரையும் ஒரே வாரத்தில் பாடமாக நடத்தும் ஆசிரியர் ஒருவர் கிடைத்தால், அறநெறிப் பாடவேளைக்கு வேறு நூல் தேவைப்படாது.

நம் வீட்டையும் பார்ப்போம். நாங்குநேரி மாணவர் படித்த வள்ளியூருக்கு அருகிலுள்ளது வடக்கன்குளம். அங்குள்ள ஆலயத்தில் சாதிக்கொரு பகுதியாகச் சுவர் எழுப்பி வழிபட்டதும், 1910 இல் அச்சுவர் இடிக்கப்பட்டதும், பிரிவினையை மீட்கக் கோரியோர் ஆயர் மீது வழக்குத் தொடுத்ததும், சென்னை உயர் நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்காததும் நம் திருச்சபை வரலாறு. தமிழக ஆயர்களிடம் 2003 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதி வேற்றுமையைக் கண்டித்துப் பேசினார். 2016 இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. ஆவணங்களுக்கு நம்மிடம் குறைவில்லை.

அரசு உதவி பெறும் நம் பள்ளிகளுக்குச் சிறுபான்மை உரிமை உண்டு. நியமனமும் நிருவாகமும் நம் கையில். வட்டாரப் பெரும்பான்மைச் சாதியார் தலைமையாசிரியர் ஆகலாகாது என்ற பரிந்துரையையும், நல அலுவலர் பற்றிய பரிந்துரையையும் நம் நிருவாகங்கள் அரசின் தலையீடு என்று சொல்லித் தள்ளிவிட இடமிருக்கிறது. அப்படித் தள்ளுமுன் ஒன்றைக் கருதவேண்டும். பங்குத்தந்தையே தாளாளராகவும் இருக்கும் பள்ளியில், தலைமையாசிரியர் மீது பிள்ளைக்கு மனக்குறை இருந்தால், முறையிடுவதற்குரிய இடம் பங்குத்தந்தையின் அறையே. ‘கருக்கு’வில் அச்சிறுமி ஓடிச்சென்ற இடமும் அதுதான். தலைமையாசிரியருக்கோ தாளாளருக்கோ கட்டுப்படாத ஒருவர் வளாகத்தில் இருக்கவேண்டும் என்பதே நல அலுவலர் பரிந்துரையின் உயிர் என்று நான் படிக்கிறேன். நம் பொதுநிலையினருள் ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் வழக்குரைஞர்களும் பங்குதோறும் இருக்கிறார்கள்; அரசாணைக்குக் காத்திராமல், வேற்றூர்க்காரராகவும் வேற்றுச் சமூகத்தவராகவும் பார்த்து ஒருவரை மறைமாவட்டமே அமர்த்த முடியும்.

அப்படி ஒருவர் அப்பள்ளியில் இருந்திருந்தால், மறுநாள் காலைக் கூட்டத்துக்கு முன்பாகவே தென்னை மரத்தடிக்குப் போய், முந்தின மாலை அங்கே விளையாடிய பிள்ளைகளை எல்லாம் கூட்டி, காய் எப்படி விழுந்தது என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்வியைத் தலைமையாசிரியரும் கேட்கவில்லை. கடிதம் எழுதிக் கொடுத்த குருவானவரும் கேட்கவில்லை.